கேட்டவை, சொல்பவை: உயிர்த்தகவலியல் படிக்கலாமா?

போன மாதம் இந்தப் பத்தியில் டெங்கு வைரசின் மரபணு வரிசையைக் கணினியில் வாசிப்பது பற்றிப் பத்து வரி எழுதினேன். உயிர்த்தகவலியல், அதாவது பயோஇன்ஃபோமெட்டிக்ஸ், என்பது அந்தப் பாடம்தான். கொழும்பில் நுளம்பு கடிக்காத வீடு இல்லை என்பதாலோ, உயர்தரப் பெறுபேறு வந்த நேரம் என்பதாலோ, கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதி மாணவர்களுடையவை. மீதி, அவர்களைவிட அதிகம் கவலைப்படும் பெற்றோருடையவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

மிஸ், உயிரியல் பிரிவில் தமிழ்மொழி மூலம் உயர்தரம் எழுதினேன். மெடிசினுக்கு இசட் ஸ்கோர் போதாது. ஒரு தனியார் கம்பஸில் பயோஇன்ஃபோமெட்டிக்ஸ் டிகிரி செய்யச் சொல்கிறார்கள். எதிர்காலம் உள்ள பாடமாம். கணிதம் தேவையில்லையாம். சாதாரண தரத்துக்குப் பிறகு நான் கணிதத்தைத் தொடவில்லை. சேரலாமா?
*(மாணவி, தெஹிவளை)*

கணிதம் தேவையில்லை என்று சொன்னவர் அந்தக் கோர்ஸை விற்பவர், தங்கச்சி. நான் அந்த வேலையைச் செய்து சாப்பிடுபவள். கணிதம் தேவை. எந்தக் கணிதம் என்று சொன்னால் பயம் பாதி குறையும்.

முதலில் பாடம் என்னவென்று பார்ப்போம். காலி வீதியில் உங்கள் வீட்டுப் பக்கம் ஓடும் 100, 101 பஸ்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பாணந்துறையிலிருந்து வருவது, மற்றது மொரட்டுவையிலிருந்து. இரண்டு கண்டக்டர்களும் கத்துகிற தரிப்பிடப் பெயர்களை இரண்டு தாளில் வரிசையாக எழுதுங்கள். தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரத்மலானை, கல்கிசை, தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்று நேருக்கு நேர் வரும். ஒருவர் ஒரு தரிப்பிடத்தை விழுங்கியிருந்தால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததைப் பொருத்துவீர்கள். பெயரைக் குழறியிருந்தால் 'சரி, இது அதுதான்' என்று அரை மார்க் கொடுப்பீர்கள். கடைசியில் இரண்டு பஸ்ஸும் ஒரே வீதியில் ஓடுகின்றன, ஒன்றின் பாதை தெற்கே இன்னும் நீள்கிறது என்று தெரிந்துவிடும்.

டிஎன்ஏயின் ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளை வைத்துக்கொண்டு நாங்கள் செய்வதும் இதுதான். எங்கே கோடு போட்டால் எவ்வளவு மார்க் குறையும், எல்லாப் பொருத்தங்களிலும் கூடிய மார்க் எதற்கு வரும் என்பதைக் கட்டம் போட்டுக் கண்டுபிடிக்கும் முறையை நீடில்மன், வுன்ஷ் என்ற இருவர் 1970இல் எழுதினார்கள். 1990இல் வந்த பிளாஸ்ட் என்ற நிரல், பிரமாண்டமான தரவுக் களஞ்சியம் ஒன்றுக்குள்ளேயே இப்படித் தேடித் தருகிறது. முழுவதையும் பொருத்திக்கொண்டிருக்காமல், சின்னத் துண்டுகள் ஒத்துப்போகிற இடங்களை முதலில் பிடித்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் நீட்டிப் பார்க்கும். நீடில்மன் கட்டத்தை ஒரு சதுரக் கொப்பியில் கையாலேயே நிரப்பலாம். என்னிடம் படிக்க வருகிறவர்களுக்கு முதல் நாள் வேலை அதுதான். கணினியைத் திறக்க விடமாட்டேன். அதில் வருவது கூட்டலும் கழித்தலும் மட்டுமே.

ஆளை விழுத்துகிற கணிதம் வேறு. அது புள்ளிவிபரவியல். மனிதனில் புரதம் ஆக்கும் மரபணுக்கள் கிட்டத்தட்ட 20,000. நோயாளிகள் பத்துப் பேர், சுகதேகிகள் பத்துப் பேரை எடுத்து, ஒவ்வொரு மரபணுவும் இரு பகுதியிலும் வித்தியாசமாக வேலை செய்கிறதா என்று 20,000 தடவை சோதிக்கிறோம். வழக்கமான 0.05 என்ற எல்லையை, அதாவது நூறு சோதனைக்கு ஐந்து தற்செயலாகத் தவறலாம் என்பதை, வைத்தால், உண்மையில் ஒரு வித்தியாசமும் இல்லாவிட்டால்கூட ஆயிரம் மரபணுக்கள் அளவில் தற்செயலாகவே 'வித்தியாசம்' என்று வந்து நிற்கும்.

நான் விலங்கியல் படித்துவிட்டு இந்தத் துறைக்குள் வந்தவள். முதல் வேலையில் 900 மரபணுக்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, கலர் அடித்து, கோப்பில் போட்டு, பெருமையோடு மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் கோப்பைத் திறக்கவே இல்லை. "எத்தனை தடவை சோதித்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். இப்படிப் பல தடவை சோதிக்கும்போது தற்செயலாக வருபவற்றைக் கட்டுப்படுத்த, பெஞ்சமினி, ஹொக்பேர்க் என்ற இருவர் 1995இல் எழுதிய திருத்தம் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தேன். 900இல் மிஞ்சியது பதினொன்று. அன்றைக்கு பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஆகவே அந்தக் கம்பஸுக்கு இன்னொரு தடவை போங்கள். படம் போட்ட கையேட்டை மடித்து வைத்துவிட்டு, ஒவ்வொரு செமஸ்டரிலும் என்னென்ன பாடம் என்ற பட்டியலைக் கேளுங்கள். நிரலாக்கம் முதலாம் வருடத்தில் ஒரு தடவை தலைகாட்டிவிட்டுக் காணாமல் போகிறதா? புள்ளிவிபரவியல் ஒரேயொரு பாடத்தோடு முடிகிறதா? 'டூல்ஸ்' என்ற சொல் மூன்று நான்கு பாடத் தலைப்பில் வருகிறதா? அப்படியானால் அங்கே பொத்தான் அமுக்கத்தான் பழக்குகிறார்கள். பொத்தான்கள் ஐந்து வருடத்தில் மாறிவிடும். போன வருடம் முடித்த மாணவர் ஒருவரின் கடைசி வருட ஆய்வறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். அதில் சொந்தமாக எழுதிய நிரல் இருக்கவேண்டும். காட்டத் தயங்கினால் விஷயம் விளங்கிவிடும். பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வருகிறது என்பதையும் எழுத்தில் வாங்கி, வார்ட் பிளேஸில் இருக்கும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் அந்தப் பெயரைக் கொடுத்து விசாரியுங்கள். காசு கட்டிய பிறகு விசாரித்தவர்களின் கடிதங்களும் எனக்கு வருகின்றன.

இன்னொன்று. மெடிசினுக்குப் போதாத இசட் ஸ்கோர் எல்லாவற்றுக்குமே போதாதது இல்லை. கொழும்பு, பேராதனை, களனி, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, யாழ்ப்பாணம் என்று அரச பல்கலைக்கழக விஞ்ஞான பீடங்கள் இருக்கின்றன; கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை. பட்டத்தின் பெயரில் 'தகவலியல்' என்று இருக்காது, அதனால் என்ன? மூலக்கூற்று உயிரியலை நன்றாகப் படித்து, பக்கத்தில் புள்ளிவிபரவியலையும் பைத்தன் என்ற நிரல் மொழியையும் சேர்த்துக்கொண்ட ஒரு பிள்ளையை, பெயர் மட்டும் அழகான பட்டத்தோடு வருகிறவரைவிட நான் முதலில் எடுப்பேன். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர் இரசாயன, மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழில்நுட்ப நிறுவகம் குமாரதுங்க முனிதாச மாவத்தையில் இருக்கிறது. பட்டமேற்படிப்புக்கு அந்தக் கதவைப் பிறகு தட்டலாம்.

தமிழில் படித்துவிட்டு ஆங்கில விரிவுரைக்குள் போவது பற்றியும் பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். முதல் ஆறு மாதம் கஷ்டம்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் பைத்தன் மொழிக்கென்று ஒதுக்கிய ஆங்கிலச் சொற்கள் மொத்தம் 35. உயிரியலில் ஒரு அத்தியாயத்திலேயே அதைவிட அதிகம் பாடமாக்கியிருப்பீர்கள்.

அம்மா, என் மகளுக்குத் தமிழ்நாட்டில் பி.டெக். உயிர்த்தகவலியல் படிக்க விருப்பம். அனுப்பினால் திரும்பி வந்து இங்கே வேலை எடுக்கலாமா? சொந்தக்காரர்கள் "கம்ப்யூட்டரா, டொக்டரா, இரண்டும் இல்லையா?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.
*(ஒரு தகப்பன், கொட்டாஞ்சேனை)*

ஐயா, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். முதற்பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் பதவிப் பெயரிலேயே கொழும்பில் வேலை தேடினால் கதவுகள் குறைவு. பல்கலைக்கழக ஆய்வுகூடங்கள், பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம், பத்தலகொடையில் நெல், லுணுவிலவில் தென்னை, தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையங்கள், சில தனியார் பரிசோதனைக் கூடங்கள். இப்படி விரல் விட்டு எண்ணும் வட்டத்துக்குள்தான் சுற்றவேண்டும்.

வேலைக்குப் பெறுமதி இல்லாததால் கதவு குறையவில்லை. கொரோனாக் காலத்தை நினைத்துப் பாருங்கள். ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இங்கே பரவிய வைரசை எழுத்தெழுத்தாக வாசித்து, எந்தக் கிளை எப்போது உள்ளே வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பி.1.411 என்ற கிளை இலங்கையில் பரவியது என்று நமக்குத் தெரிய வந்தது அப்படித்தான். அந்த வைரசின் முழு வரிசை 29,903 எழுத்து. உங்கள் மகள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற ஒரு படத்தைவிடச் சின்னக் கோப்பு. அதை இயந்திரம் வாசித்துக் கொடுக்கும். உலகத்தின் மற்ற வரிசைகளோடு ஒப்பிட்டு, குடும்ப மரம் வரைந்து, 'இது இன்ன கிளை' என்று சொல்வது உங்கள் மகள் படிக்க நினைக்கிற பாடம். சொந்தக்காரர்களுக்கு, டொக்டர்மார் கேட்கிற கேள்விக்குக் கணினியில் விடை தேடுகிற வேலை என்று சொல்லுங்கள். தேநீர் ஆறுவதற்குள் விஷயம் முடிந்துவிடும்.

நடைமுறையில் இந்தப் பட்டத்தோடு முன்னே போகிறவர்கள் இரண்டு வகை. பட்டமேற்படிப்புக்கு வெளியே போகிறவர்கள் ஒரு வகை. விஞ்ஞானத்தில் பிஎச்டி என்றால் பல நாடுகளில் மாதாமாதம் படியும் கொடுத்துப் படிப்பிக்கிறார்கள். மற்றவர்கள் கொழும்பிலேயே தரவுப் பகுப்பாய்வு வேலைகளுக்குப் போகிறார்கள். வங்கி, காப்புறுதி, மென்பொருள் கம்பனி என்று எங்கேயும். நிரலும் புள்ளிவிபரமும் கையில் இருந்தால்தான் அந்த இரண்டாவது வழி திறக்கும்.

தமிழ்நாட்டு விஷயத்துக்கு வருவோம். தஞ்சாவூர் சாஸ்த்ராவில் இதற்கென்றே பி.டெக். நடத்தியிருக்கிறார்கள், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் நடத்தியிருக்கிறார்கள். வேலூர் விஐடியில் கணினி அறிவியலுக்குள் ஒரு சிறப்புப் பிரிவாக வைத்திருக்கிறார்கள். உங்கள் மகளின் வருடத்துக்கு எது திறந்திருக்கிறது என்பதை அவர்களின் அறிவித்தலில் பாருங்கள். பி.டெக். பொறியியல் பட்டம், அதனால் சேர்க்கை விதியில் பிளஸ் டூ கணிதம் கேட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். நம் உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் உயர்தரத்தில் கணிதம் எடுப்பதில்லை என்பது அங்கே அனுமதிப் பிரிவில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வையுங்கள். காலி வீதியில் இருக்கும் இந்திய உயர்ஸ்தானிகராலயத்தில் முதற்பட்டத்துக்கான நேரு நினைவுப் புலமைப்பரிசில் பற்றியும் விசாரியுங்கள். அது கிடைத்தால் உங்கள் கணக்கே மாறிவிடும்.

நான் கணிதப் பிரிவு. இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். உயிரியல் சாதாரண தர விஞ்ஞானத்தோடு முடிந்துவிட்டது. இந்தத் துறைக்குள் வரமுடியுமா?
*(மாணவன், பம்பலப்பிட்டி)*

உங்கள் பாதைதான் லேசு, தம்பி. இருபத்தைந்து வயதில் கணிதம் கற்பதைவிட அந்த வயதில் உயிரியல் கற்பது சுலபம். உயிரியல் ஆசிரியர்கள் மன்னிக்கவேண்டும். நானும் உங்கள் கட்சிதான்.

கொழும்பில் யூசிஎஸ்சி என்றால் ரீட் அவெனியூவில் இருக்கும் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி. உயிர்த்தகவலியல்காரரிடம் அதே எழுத்துகளைச் சொன்னால் கலிஃபோர்னியாவின் சாந்தா குரூஸ் பல்கலைக்கழகம் என்றுதான் நினைப்பார். காரணம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் மனித மரபணுத்தொகுதி லட்சக்கணக்கான துண்டுகளாகக் கிடந்தது. பொருத்துவதற்கு நிரல் இல்லை. தனியார் கம்பனி ஒன்று முந்திக்கொண்டிருந்தது. ஜிம் கென்ட் என்று சாந்தா குரூஸில் ஒரு பட்டமேற்படிப்பு மாணவர். அதற்கு முன்பு அனிமேஷன் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவர். நான்கு வாரத்தில் பத்தாயிரம் வரி நிரலை எழுதி முடித்தார், இரவில் மணிக்கட்டுக்கு ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு. 2000 ஜூலை 7 அன்று அந்த வரிசை எல்லோருக்கும் இலவசமாக இணையத்தில் ஏறியது. இன்றைக்கும் நாங்கள் தினமும் திறக்கிற மரபணு உலாவி அவர்களுடையது. நீங்கள் ரீட் அவெனியூ யூசிஎஸ்சிக்குப் போய், மனதை மற்ற யூசிஎஸ்சியில் வைத்திருக்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கணிதக்காரருக்கு உயிரியல் விதிவிலக்கு பிடிக்காது. என்னிடம் வந்த கெட்டிக்காரப் பையன் ஒருவன் பக்டீரியாவில் மரபணு தேட அழகான நிரல் எழுதினான். மரபணு என்றால் ஏடிஜி என்ற மூன்று எழுத்தில்தான் தொடங்கும் என்று எடுத்துக்கொண்டான். பக்டீரியாவில் சில ஜிடிஜியிலும் தொடங்கும், டிடிஜியிலும் தொடங்கும். அவனுடைய நிரல் ஒரு பிழையும் காட்டாமல் அத்தனை மரபணுக்களையும் தவறவிட்டது. இன்னொரு நாள், டெங்கு ஆர்என்ஏ வைரஸ் ஆயிற்றே, அதில் டிக்குப் பதிலாக யு அல்லவா வரவேண்டும், கோப்பு பழுதாகிவிட்டதா என்று பதறிக்கொண்டு ஃபோன் எடுத்தான். களஞ்சியத்தில் எல்லாவற்றையும் டி போட்டே எழுதிவைப்பது வழக்கம். முதலாம் வருட உயிரியல் புத்தகம் ஒன்றை முழுதாக வாசித்துவிட்டு வாருங்கள்.

அக்கா, அரச பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருட விஞ்ஞானம் படிக்கிறேன், நுகேகொடையில் அறை. இந்தப் பக்கம் திரும்ப ஆசை. என்ன லப்டொப் வாங்க? எந்தக் கோர்ஸுக்குக் காசு கட்ட?
*(மாணவி, நுகேகொடை)*

எதற்கும் கட்டவேண்டாம். லப்டொப்புக்கு யூனிட்டி பிளாசாவுக்குள் போனால் முதல் கடையிலேயே சிவப்பு வெளிச்சம் எரிகிற கேமிங் மெஷினைக் காட்டுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு நடவுங்கள். 8 ஜிபி நினைவகம் போதும், 16 என்றால் நிம்மதி. வன்தட்டு எஸ்எஸ்டியாக இருக்கட்டும். பழையதொன்று கிடைத்தாலும் குறையில்லை, உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். முழு மனித மரபணுத்தொகுதியோடு மல்லுக்கட்ட அது போதாது. அப்படியான வேலைக்கு கேலக்சி என்ற இலவச சேவை இருக்கிறது, அவர்களுடைய கணினியில் ஓடும். உங்கள் பக்கம் தேவை ஒரு உலாவியும் டேட்டாவும்தான்.

அப்புறம் ஒரு போயா விடுமுறையில் இதைச் செய்து பாருங்கள். அமெரிக்காவின் என்சிபிஐ என்ற மரபணு வரிசைக் களஞ்சியத்தில் டெங்குவின் நான்கு வகைகளிலும் ஒவ்வொரு வரிசையை இறக்குங்கள். ஒவ்வொன்றும் பதினோராயிரம் எழுத்துக்குக் கொஞ்சம் குறைய இருக்கும். நான்கையும் பொருத்தி, எது எதற்குக் கிட்ட என்று மரம் வரையுங்கள். பிறகு இலங்கையிலிருந்து பதிவான டெங்கு-2 வரிசைகளைத் தேடிச் சேருங்கள். 2017இல் இந்த நாட்டில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் படுக்கையில் போட்டது பெரும்பாலும் அந்த இரண்டாம் வகைதான். உங்களுக்கே அந்த வருடம் காய்ச்சல் வந்திருக்கலாம். சொந்தக் காய்ச்சலின் மரத்தைத் தேடும்போது நிரலாக்கம் அலுக்காது.

மரபணுப் பட்டியலை எக்செலில் மட்டும் திறக்கவேண்டாம். திறந்தாலும் சேமிக்கவேண்டாம். மார்ச்1 என்று ஒரு மரபணு இருந்தது, செப்ட்2 என்று இன்னொன்று. எக்செல் அவற்றைத் திகதி என்று நினைத்து மாற்றிவிடும். என்னுடைய ஒரு பட்டியலில் மார்ச் முதலாம் திகதி மூன்று நாள் குடியிருந்தது, நான் கவனிக்கவே இல்லை. எனக்கு மட்டும் நடந்தது என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். 2016இல் ஒரு குழு தேடிப் பார்த்ததில், எக்செலில் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இதே பிழை இருந்ததாம். கடைசியில் 2020இல் பெயரிடும் குழு மரபணுக்களின் பெயரையே மார்ச்எஃப்1, செப்டின்2 என்று மாற்றிவிட்டது. மென்பொருளோடு சண்டை பிடிப்பதைவிட மனிதனின் மரபணுவுக்குப் பெயர் மாற்றுவது சுலபமாகப் போய்விட்டது, பாருங்கள்.

ஆல்ஃபாஃபோல்டுக்கு நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் ஏஐ செய்யும்போது நான்கு வருடம் படித்து என்ன பயன்?
*(வாசகர், வெள்ளவத்தை)*

2024இல் இரசாயனத்துக்கான நோபலில் பாதி டேவிட் பேக்கருக்கு, மற்றப் பாதி ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கிய ஹசாபிஸ், ஜம்பர் இருவருக்கும். புரதத்தின் எழுத்து வரிசையைக் கொடுத்தால் அது எப்படி மடியும் என்று ஆல்ஃபாஃபோல்ட் என்ற ஏஐ நிரல் சொல்லிவிடுகிறது. 2022க்குள் இருபது கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் வடிவத்தை வெளியிட்டுவிட்டார்கள். பெரிய காரியம், சந்தேகமில்லை.

ஆனால் வருகிற வடிவத்தை நாங்கள் அப்படியே நம்புவதில்லை. சரிபார்க்கும்போது திறக்கிற படங்களில் ஒன்று ராமச்சந்திரன் வரைபடம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனின் குழு 1963இல் வெளியிட்டது. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எந்தக் கோணத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்று அது காட்டும். அறுபது வருடமாகியும் ஓய்வு கொடுக்கவில்லை. ஆல்ஃபாஃபோல்ட் தன் விடையில் எந்தப் பகுதியில் நம்பிக்கை குறைவு என்றும் சொல்லும். அந்தப் பகுதி திரையில் இடியப்பம் அவிழ்ந்தது மாதிரித் தொங்கும். ஒரு மாணவர் அந்த இடியப்பத்துக்குள் மருந்து ஒன்றை வைத்து, 'பொருந்துகிறது' என்று அறிக்கை எழுதிக் கொண்டுவந்தார்.

நிரல் எழுத நானும் ஏஐயைக் கேட்கிறேன். போன வாரம் அது எழுதித் தந்தது சுத்தமாக ஓடியது, விடை முழுக்க ஒரு எழுத்துத் தள்ளி இருந்தது. எங்கள் துறையில் ஒரு வகைக் கோப்பு இடங்களை 0இலிருந்து எண்ணும், இன்னொரு வகை 1இலிருந்து. அதைப் பிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் சம்பளம். நான்கு வருடம் அதற்குக் கூடுதல் என்று எனக்குப் படவில்லை.

அக்கா, அட்டன் பக்கம் தோட்டத்துப் பிள்ளை நான். அம்மா கொழுந்து பறிக்கிறார். சாதாரண தரம் முடிந்தது. கொழும்பில் சித்தி வீட்டில் நின்று உயர்தரம் படிக்க யோசனை. இந்தப் படிப்புக்கும் எங்கள் ஊருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
*(மாணவி, இப்போது வெள்ளவத்தையில்)*

தேயிலைச் செடியின் மரபணுத்தொகுதி ஏறக்குறைய 300 கோடி எழுத்து, மகள். மனிதனுடையதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அம்மா ஆயுள் முழுக்கப் பறித்த அந்தச் செடிக்குள் அவ்வளவு எழுத்து இருக்கிறது. 2017இல் சீன ஆய்வாளர்கள் அதன் முதல் வரைவை வாசித்து வெளியிட்டார்கள். நல்ல தேயிலை ரகம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க, செடி வளர்ந்து விளைச்சலையும் நோயையும் காட்டும்வரை வருடக்கணக்காகக் காத்திருக்கவேண்டும். மலையகத்துக் குளிரில் இலையைக் கொப்புளமாக்கும் நோய் உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அதைத் தாங்குகிற செடியின் எழுத்துகளில் எங்கே வித்தியாசம் என்று பிடித்துவிட்டால், நாற்றுப் பருவத்திலேயே ஒரு இலையைக் கிள்ளிச் சோதித்துத் தெரிவு செய்யலாம். தலவாக்கலை ஆராய்ச்சி நிலையம் உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம்தான்.

அதைவிட அவசரமான ஒன்று. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறது. நீங்கள் எந்த மாவட்டம் என்பதை உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடங்களில் எங்கே பாடசாலையில் படித்தீர்கள் என்பதை வைத்துத்தான் பார்ப்பார்கள். நுவரெலியா, பின்தங்கிய மாவட்டங்களுக்கான மேலதிக ஒதுக்கீட்டிலும் இருக்கிறது, கொழும்பு இல்லை. கொழும்புப் பாடசாலையில் சேர முன்பு, மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை எடுத்து, அதில் மாவட்டம் பற்றிய பகுதியைச் சித்தியோடு உட்கார்ந்து வாசியுங்கள். அட்டனில் நல்ல உயிரியல், இரசாயனவியல் ஆசிரியர்கள் கிடைத்தால் நான் திரும்பிப் போகத்தான் சொல்வேன். சித்தி கோபிக்கக்கூடாது.

மிஸ், இந்த வேலையில் வெள்ளைக் கோட் போடலாமா?
*(ஒன்பதாம் வகுப்பு, மட்டக்குளி)*

என்னிடமும் ஒன்று இருக்கிறது, கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. ஏசி கூடினால் போட்டுக்கொள்வேன்.